வெந்தயமா, பாகற்காயா, சிறுகுறிஞ்சானா: சுகரைக் குறைப்பது எது?

மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்துவிட்டு, கூடவே நடைப்பயிற்சியும் தொடங்கிவிட்டு, "எனக்கு சுகர் இறங்கிவிட்டது" என்பவரிடம் எது இறக்கியது என்று கேட்டால் முழிப்பார். அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

என் ஓட்டு வெந்தயத்துக்கு. இரவு ஊறவைத்ததை விரலால் நசுக்கினால் வழவழவென்று பசை ஒட்டும், அந்த நார்ச்சத்துதான் குடலில் கூழாகி, சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுபவர்கள் சரக்கையே கொட்டுகிறார்கள். பல ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 10 கிராமோ அதற்கு மேலோ. வயிறு உப்பும், அது வேறு விஷயம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

பாகற்காய்க்கு இருக்கும் பெயர் பெரிது, ஆதாரம் சிறிது. கசப்பு இனிப்பை முறிக்கும் என்பது நாக்குக் கணக்கு, ரத்தக் கணக்கு இல்லை. 2011-இல் தாய்லாந்து ஆய்வு ஒன்றில் தினம் 2 கிராம் பாகற்காய்ப் பொடி ஓரளவு வேலை செய்தது, ஆனால் வழக்கமான சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் 1 கிராம் செய்த அளவுக்கு இல்லை. கர்ப்பிணிகளுக்கும், ஜி6பிடி குறைபாடு (சில பொருட்களால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் கோளாறு) உள்ளவர்களுக்கும் இதன் சாறோ மாத்திரையோ கூடாது.

சிறுகுறிஞ்சான்தான் வேடிக்கை. ஒரு இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மண்ணைத் தின்பது போல நறநறவென்று இருக்கும், இனிப்பே தெரியாது. இதைப் பார்த்துத்தான் சர்க்கரையையே கொல்லும் மூலிகை என்கிறார்கள், ஆனால் மறைந்தது ருசி மட்டும். இனிப்பு ஆசையை அடக்க உதவும், சரி. 1990-இல் வந்த ஒரு சென்னை ஆய்வில் இதன் சாரத்தை ஒன்றரை வருடத்துக்கு மேல் எடுத்த 22 பேரில் 5 பேர் மாத்திரையையே விட்டார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆள் குறைவு, அதோடு ஆட்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டதும் இல்லை.

மூலிகை என்றாலே பொய் என்று சொல்லவில்லை. மெட்ஃபார்மினின் பூர்வீகமே கலேகா என்ற ஒரு செடிதான்.

நீங்களே சோதிப்பதானால் ஒரு நேரத்தில் ஒன்று. குளுக்கோமீட்டர் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம், அதாவது நிஜமான 140 என்பது 119 ஆகவும் 161 ஆகவும் தெரியலாம், எனவே பத்துப் புள்ளி இறங்கியதற்கெல்லாம் துள்ள வேண்டாம். வெந்தயத்தைச் சோதிக்க, சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதுதான் பொருத்தம், அப்புறம் மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, அதாவது சுமார் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு இதைச் செய்யாதீர்கள். நிறுத்தாமல் செய்தாலும், கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோடு மூலிகையும் சேரும்போது சுகர் 70-க்குக் கீழே போகலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரையை வாயில் போடுங்கள், சிறுகுறிஞ்சான் மென்ற வாயாக இருந்தால் மண்ணாகத்தான் தெரியும், பரவாயில்லை, விழுங்குங்கள்.