கொழும்பில டைவ் அடிக்க பிசிடி எது எடுக்கலாம்: மூண்டு வகையும் போட்டுப் பாத்து எழுதுறன்

ஓப்பன் வோட்டர் எண்ட முதல் டைவிங் கோர்ஸ் முடிச்ச கையோட எல்லாரும் கேக்கிற கேள்வி, பிசிடி (டாங்கை முதுகில பிடிச்சுக்கொண்டு, காத்தடிச்சா மிதக்க வைக்கிற சட்டை) எது வாங்கிறது எண்டுதான். யூடியூப்ல பாத்தா ஒருத்தன் ஜக்கெட் போதும் எண்டுறான், அடுத்தவன் விங் (முதுகுத் தகட்டில பூட்டுற காத்துப் பை) இல்லாம தண்ணிக்க இறங்காத எண்டுறான். அவையள் போற போட் வேற, நாங்கள் போற போட் வேற, அதை ஒருத்தரும் சொல்லுறேல்ல.

கல்கிசை, நீர்கொழும்பு பக்கம் நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன், போறது பெரும்பாலும் சின்ன ஃபைபர் போட்ல. டைவ் முடிஞ்சு மேல வந்தா பிசிடிக்கு காத்தடிச்சிட்டு, முதல்ல ஈயப் பெல்டைக் கழட்டி போட்கார மல்லியிட்ட (தம்பியிட்ட) குடுக்கோணும், பிறகு பிசிடியை டாங்கோட கழட்டிக் குடுக்கோணும், அதுக்குப் பிறகுதான் ஃபின்னால உதைச்சு நீங்க ஏறுறது. அலை தூக்கித் தூக்கிப் போடேக்க இதெல்லாம் செய்யோணும். அதால நான் பிசிடிக்கு மார்க் போடுறதே எவ்வளவு சுகமா கழண்டு வருது எண்டதில இருந்துதான்.

ஜக்கெட் வகைதான் வாடகைக்கு எல்லா இடத்திலயும் கிடைக்கும், கோர்ஸிலயும் இதைத்தான் போட்டிருப்பீங்க. காத்து விலாப் பக்கமா சுத்தி நிக்கிறதால மேல மிதக்கேக்க நேரா நிக்கலாம், முகம் தண்ணிக்கு மேல இருக்கும், போட் வருமட்டும் கதைச்சுக்கொண்டிருக்கலாம். தோள்ல ரெண்டு பக்கமும் பக்கிள், அமத்தினா கழண்டிடும். குறை எண்டா முழுக்க காத்தடிச்சா நெஞ்சை நெரிக்கும், கீழ படுத்த மாதிரி நீந்தப் பாத்தா கால் கொஞ்சம் தாழும். கிரெஸ்ஸி, மாரெஸ், அக்வாலங் எல்லாரிட்டயும் ஆரம்ப லெவல் ஜக்கெட் இருக்கு, புதுசா வாற ஆளுக்கு அதுக்கு மேல ஒண்டும் தேவையில்ல எண்டதுதான் என்ர அபிப்பிராயம்.

பேக் இன்ஃப்ளேட்டில காத்து முழுக்க முதுகுப் பக்கம். தண்ணிக்கு அடியில சொர்க்கம், கைகால் ஃப்ரீ, உடம்பு தானா படுக்கையா வந்திடும். மேல வந்தாத்தான் வில்லங்கம், நிறையக் காத்தடிச்சா முகத்தை முன்னுக்குத் தள்ளும், கல்கிசையில அலை இருக்கிற நாளில மூச்செடுக்கிற ரெகுலேட்டரை வாயில இருந்து எடுக்கவே யோசிப்பீங்க. கொஞ்சமா காத்தடிச்சு மல்லாக்கச் சாஞ்சா சரி, ஈயத்தில கொஞ்சத்தை பின் பொக்கெட்டுக்கு மாத்தினா இன்னும் நல்லம். ஸ்கூபாப்ரோவின்ர ஹைட்ரோஸ் ப்ரோ இந்த வகைதான். அதின்ர ஹார்னஸ் ஸ்பொஞ்ச் இல்லாம அச்சில வார்த்த ஜெல் மாதிரி இருக்கிறதால தண்ணி உறிஞ்சாது, கெதியாக் காயும், வெள்ளவத்தை ஃப்ளாட் பல்கனியில காயப்போடுற ஆக்களுக்கு அது பெரிய விஷயம். விலையைக் கேட்டா வேற விஷயம்.

மூண்டாவது பிளேட்டும் விங்கும். இரும்புத் தகடு ரெண்டு மூண்டு கிலோ வரும், எங்கட சூடான தண்ணிக்கு மெல்லிய வெட்சூட் போட்டா பெல்டில ஈயமே இல்லாமப் போகலாம், அது உண்மையிலயே அருமை. ஆனா ஒரே நாடாவில பக்கிள் இல்லாம வாற ஹார்னஸை அலைக்க நிண்டு தோளில இருந்து உருவி எடுக்கிறது புது ஆளுக்குச் சரியான கஷ்டம், மல்லி கையை நீட்டிக்கொண்டு பாத்துக்கொண்டிருப்பார். இதுதான் வேணும் எண்டா தோள்ல பக்கிள் வச்ச ஹார்னஸாப் பாத்து எடுங்கோ.

லிஃப்ட், அதாவது பிசிடி தூக்கிற பாரம், எத்தினை கிலோ எண்டு கடையில பெருசாச் சொல்லுவினம், அதுக்கு மயங்காதீங்கோ. பிசிடி ஈடுகட்ட வேண்டிய பாரம் கொஞ்சம்தான்: டாங்க் அழுத்தம் 200 பாரில இருந்து 50க்கு வரேக்க 11 லிட்டர் அலுமினிய டாங்கில இருந்து போற காத்து கிட்டத்தட்ட 2 கிலோதான். 3 மில்லிமீட்டர் சூட் ஆழத்தில நசுங்கிறதால இழக்கிற மிதப்பும் பெருசில்ல. பெரும்பாலான பிசிடி 10 கிலோவுக்கு மேல தூக்கும், எங்கட தண்ணிக்கு அது காணும். தேவைக்கு மேல பெரிய பையில காத்து அங்க இங்க ஓடி உங்களை உருட்டும், அதுதான் மிச்சம்.

உண்மையாப் பாக்க வேண்டியது சைஸ். டீசேர்ட்டுக்கு மேல போட்டுப் பாக்காம, டைவுக்குப் போடுற சூட்டைக் கொண்டுபோய் அதுக்கு மேல போட்டு, டாங்க் மாட்டச் சொல்லி, வால்வ் சத்தம் போடுமட்டும் காத்தடிச்சுப் பாருங்கோ. மூச்சு எடுக்க ஏலாட்டி சின்னன், தோள் காதுக்கு ஏறினா பெருசு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு காத்தை வெளிய விடுற கீழ் டம்ப் வால்வின்ர கயிற்றைத் தேடுங்கோ, கை டக்கெண்டு போகாட்டி அந்த மொடல் உங்களுக்கில்ல. நான் போன ஒரு கடையில (பேர் வேண்டாம்) டாங்க் மாட்ட மாட்டம், தூசி பிடிக்கும் எண்டினம், அப்பிடியே திரும்பி வந்திட்டன். ஒல்லியான ஆக்கள், பொம்பிளையள் கட்டாயம் லேடீஸ் கட்டும் போட்டுப் பாக்கோணும், யூனிசெக்ஸ் எண்டு தாறது சில நேரம் விலாவில ஆடிக்கொண்டிருக்கும்.

கப்பலுக்குப் போற ஆசை எல்லாருக்கும் இருக்கும், 2012ல பாணந்துறைக்கு வெளிய தாண்டுபோன தேர்மோபிலி சியேரா மாதிரி. துருப்பிடிச்ச இரும்புக்குப் பக்கத்தில மெல்லிய ட்ராவல் பிசிடியை விட தடிச்ச துணி நல்லம், கேஜ் (காத்து அளவு காட்டுற மீட்டர்), ஒக்டோ (உபரி ரெகுலேட்டர்) எல்லாத்தையும் கொழுவ டி ரிங் எண்ட வளையம் இருக்கோணும், தொங்கிக்கொண்டு போனா எங்கயாவது மாட்டும்.

செக்கண்ட் ஹேண்ட் எண்டா முழுக்கக் காத்தடிச்சு அரை மணித்தியாலம் வையுங்கோ, மெலிஞ்சா வேண்டாம். இன்ஃப்ளேட்டர் பட்டனை அமத்தி விட்டாப் பிறகும் காத்து போய்க்கொண்டிருந்தா உள்ளுக்க உப்பு, சேர்விஸ் பண்ண வேணும், அந்தக் காசை விலையில குறைக்கச் சொல்லுங்கோ. டுபாய், சிங்கப்பூர்ல இருந்து வாற மாமா சித்தப்பாட்ட சொல்லி விடுறது மலிவுதான், ஆனா சைஸ் பிழைச்சா மாத்த ஏலாது, அதால இங்க வாடகைக்கு எடுத்து அதே மொடலை அதே சைஸில ரெண்டு மூண்டு டைவ் போட்டுப் பாத்திட்டு ஓடர் குடுங்கோ.