மார்மன் சபையிலிருந்து பெயரை எடுக்க: குவிட்மார்மன் சேவையா, மதுரையிலிருந்து நேரடிக் கடிதமா?

மார்மன் சபை என்று நாம் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஞானஸ்நானம் எடுத்து, பிறகு நம்பிக்கை விட்டுப்போய், பதிவேட்டில் மட்டும் பெயர் நிற்கிறவர்களுக்காக இந்த மதிப்பீடு. மதுரைப் பக்கத்தில் இவர்கள் பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூர் என்று படிக்கவோ வேலைக்கோ போன இடத்தில் சேர்ந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்துவதுபோல ஞாயிற்றுக்கிழமை போவதை நிறுத்தினால் போதாதா என்றால், பலருக்கு அதுவே போதும். அதில் தவறும் இல்லை. ஆனால் அப்படி நின்றுவிட்டவரும் சபையின் கணக்கில் உறுப்பினர்தான். முகவரி மாறினால் பதிவும் அந்தப் பகுதிக் கிளைக்கு மாறும். அங்கிருந்து புதிதாக யாராவது விசாரிக்க வருவார்கள். அந்தக் கதவை முழுசாக அடைக்க வேண்டும் என்பவருக்குத்தான் பெயர் நீக்கம்.

முதலில் குவிட்மார்மன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வழக்கறிஞர் மார்க் நாகல் தொடங்கிய இலவசச் சேவை இது. விண்ணப்பத்தை அவர்களிடம் கொடுத்தால், அவர்கள் உங்கள் சார்பில் சபையின் சட்டத் தரப்புக்கு அனுப்புவார்கள். 2015 நவம்பரில், ஒருபால் இணையரோடு வாழும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று சபை விதி போட்டபோது இந்தச் சேவையைத் தேடி ஏராளமானவர்கள் வந்தார்கள். அந்த விதி 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது, விலகியவர்கள் விலகியவர்களே.

இந்தச் சேவையின் உண்மையான பலன் ஒன்றே ஒன்று: நடுவில் ஒரு வழக்கறிஞர் நிற்பதால் ஆயரோ கிளைத் தலைவரோ உங்கள் வீட்டு வாசலுக்கு வரவேண்டிய தேவை குறைகிறது. அமெரிக்காவில், அப்பா ஒரு வார்டின் (உள்ளூர்ச் சபையின்) ஆயர், மாமனார் ஸ்டேக் (பல வார்டுகள் சேர்ந்த வட்டாரம்) தலைவர் என்று இருக்கும் குடும்பங்களில் இது பெரிய விடுதலை. மதுரையில் இருப்பவருக்கு அந்த நெருக்கடி பெரும்பாலும் இல்லை. கணவன் அல்லது மனைவி இன்னும் தீவிர விசுவாசி, வீட்டுக்கு வந்து பேசினால் குடும்பத்தில் பிரச்சினை என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டும் இது உதவும். மற்றவர்களுக்கு, எப்படியும் ஒரு நோட்டரியிடம் போய்த்தான் ஆகவேண்டும் என்பதால், இடையில் இன்னொரு கை எதற்கு? பிறந்த தேதி, முகவரி, அடையாள அட்டை எல்லாவற்றையும் கடல் தாண்டி மூன்றாம் நபரிடம் ஒப்படைப்பதும் சிறிய விஷயமில்லை. சேவை நேர்மையானது, ஆனால் நம்மூர்க்காரருக்கு அவ்வளவு அவசியமில்லை. நேரடிக் கடிதத்தையே பரிந்துரைக்கிறேன்.

நேரடி வழிக்கு சபையின் பொதுக் கையேட்டிலேயே இடம் இருக்கிறது. கையெழுத்திட்ட கடிதத்தை உள்ளூர்த் தலைவரிடம் கொடுக்கலாம், மின்னஞ்சல் செல்லாது. அல்லது நோட்டரி சான்றொப்பமிட்ட கடிதத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பலாம். உள்ளூர் வழியில், அவர் முதலில் உங்களைத் தொடர்புகொண்டு பேச முயல்வார், பிறகு மேலே அனுப்புவார். வார்டு என்றால் ஸ்டேக் தலைவருக்கு, தனிக் கிளை (வார்டு ஆகாத சிறிய சபை) என்றால் மிஷன் (ஊழிய வட்டாரம்) தலைவருக்குப் போகும். இரண்டு மூன்று மேசைகள். கடிதம் ஒரு மேசையில் தூங்கினால் யாரைக் கேட்பது என்றே தெரியாது. ஆகவே இரண்டாவது வழி மேல்.

காரியம் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் பெயர். நம் பெயர்களில் இனிஷியல் இருக்கும். சபையின் கணினிக்கோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டம் வேண்டும். பா. ஜெபராஜ் என்று ஆதாரில் இருப்பவர் பதிவேட்டில் ஜெபராஜ் பாண்டியன் ஆகியிருப்பார், இல்லையென்றால் பாண்டியன் ஜெபராஜ். பெண்கள் பலருக்கு ஞானஸ்நானத்தின்போது அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். கடிதத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பதிவில் ஒன்று என்று மூன்று வடிவம் வந்தால் அலுவலகத்தில் ஆளைத் தேடவே முடியாது. அதற்கு மருந்து உறுப்பினர் எண். பதினோரு இடம் கொண்டது, மூன்று, நான்கு, நான்கு என்று கோடு போட்டுப் பிரித்திருக்கும். கடைசி இடத்தில் எண்ணுக்குப் பதில் ‘ஏ’ என்ற எழுத்து வந்தாலும் பிழையில்லை. ஆலயத்துக்குள் போக அனுமதிக்கும் பரிந்துரை அட்டையில் இருக்கும். சபை இணையதளத்தில் உங்கள் கணக்கிலும் இருக்கும். கணக்கை மூடுவதற்கு முன்பே அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலர் கோபத்தில் செயலியையும் கடவுச்சொல்லையும் அழித்துவிட்டுப் பிறகு எண்ணைத் தேடி அலைகிறார்கள். எண் கிடைக்கவே இல்லையென்றால் பதிவில் இருக்கக்கூடிய எல்லாப் பெயர் வடிவங்களையும், பிறந்த தேதியையும், ஞானஸ்நானம் நடந்த ஊர், மாதம், ஆண்டையும் கடிதத்தில் கொடுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். சில சங்கதிகளே போதும்: இன்னார், இன்ன எண், இந்தத் தேதி முதல் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், பதிவிலிருந்து பெயரை நீக்குங்கள், இதன் விளைவுகள் எனக்குத் தெரியும், யோசித்துத்தான் எழுதுகிறேன், யாரும் நேரில் வரவோ அழைக்கவோ வேண்டாம், நீக்கியதை இந்த முகவரிக்குக் கடிதமாகத் தெரிவியுங்கள். ஏன் போனேன் என்ற விளக்கம் வேண்டியதில்லை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் பலதார மணம், சபையின் வேதநூல்களில் ஒன்றான ஆபிரகாம் புத்தகத்துக்கு மூலம் என்று சொன்ன பாப்பிரஸ் சுருள்கள் எகிப்தியச் சவச் சடங்கு ஏடுகள் என்று தெரிந்தது, 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டது என்று பத்துப் பக்கம் எழுதத் தோன்றும். எழுதுங்கள், உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கடிதத்தில் அது வந்தால், பேசித் தீர்க்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு, சட்டப்படி பொறுப்பிலுள்ள பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

மேலூர் சாலையில் மாவட்ட நீதிமன்றத்தைச் சுற்றி நோட்டரி வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. கையெழுத்தை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர் முன்னிலையில் போட வேண்டும். அவருடைய பதிவேட்டிலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அசல் அடையாள அட்டையும் ஒரு நகலும் கையில் இருக்கட்டும். முக்கியமான எச்சரிக்கை: பக்கத்து டைப்பிங் கடைகளில் ‘மத மாற்றம்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும், முத்திரைத்தாளில் ‘நான் கிறிஸ்தவ மதத்திலிருந்து இன்ன மதத்துக்கு மாறுகிறேன்’ என்று வழக்கமான உறுதிமொழிப் பத்திரம் அடித்துத் தந்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது அது இல்லை. சாதாரண ஏ4 தாளில் உங்கள் கடிதம், அதன் அடியில் நோட்டரியின் கையெழுத்து, பெயர், பதிவு எண், தேதி, முத்திரை, அவ்வளவே. நீங்கள் வேறு மதத்துக்குப் போகவில்லை என்றால், போவதாக ஒரு தாளிலும் எழுதாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

உறைமேல் கான்ஃபிடென்ஷியல் ரெக்கார்ட்ஸ், 50 ஈஸ்ட் நார்த் டெம்பிள் தெரு, சால்ட் லேக் சிட்டி, யூட்டா 84150 என்று ஆங்கிலத்தில் எழுதி, வடக்கு வெளி வீதி தலைமை அஞ்சலகத்தில் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட் கேளுங்கள். சாதாரணத் தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. ஸ்பீட் போஸ்ட் என்றால் ரசீதிலுள்ள எண்ணை வைத்துப் பார்க்கலாம். அந்த ரசீதின் எழுத்து சில மாதத்தில் வெளிறிவிடும், அன்றே படம் எடுத்துவிடுங்கள். முழுக் கடிதத்தையும் முத்திரை தெரிய ஸ்கேன் செய்து வையுங்கள்.

நீக்கியதும் ஒரு ஒப்புதல் கடிதம் வரும். இந்த முடிவால் ஞானஸ்நானம், திடப்படுத்தல், குருத்துவம், ஆலய முத்திரிப்பு (குடும்பத்தை நித்தியத்துக்கும் இணைக்கும் சடங்கு) எல்லாம் ரத்தாகின்றன என்பது சபையின் பார்வை. நம்பாதவருக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் நம்பும் மனைவிக்கோ அம்மாவுக்கோ ‘நித்தியக் குடும்பம்’ உடைந்தது என்று படும், அழுவார்கள். கடிதம் வீட்டுக்கு வந்து அவர்கள் கையில் விழுவதற்குமுன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மறுபடி சேர நினைத்தால் வழக்கமாக ஓராண்டு கழிந்த பிறகே பரிசீலிப்பார்கள். இதிலிருந்தே பழைய தகவல் அடியோடு அழிக்கப்படுவதில்லை என்று புரிந்துகொள்ளலாம். கொடுத்த தசமபாகம் திரும்பாது.

கல்யாணத்துக்கு ஆபத்தில்லை. முத்திரிப்பு ரத்தாவதால் பதிவுத் திருமணம் ரத்தாகாது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், துணை ‘வேறு மதத்துக்கு மாறி’ கிறிஸ்தவராக இல்லாமல் போவது விவாகரத்துக்கு ஒரு காரணம். நாத்திகராவது வேறு மதத்துக்கு மாறுவது ஆகாது என்பதே அந்த வாசகத்தின் நேர்ப்பொருள். டைப்பிங் கடைப் பத்திரத்தைப் பற்றி மேலே எச்சரித்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இதைவிடக் கனமானது. சால்ட் லேக்கில் எடுத்த பெயர் மதுரை தாலுகா அலுவலகத்தில் எதையும் மாற்றாது. 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர மற்றவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். சபையை விட்டதாலேயே பழைய சான்றிதழ் உயிர்பெறாது. 2015-இல் கே.பி. மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று நிபந்தனை வைத்தது: முன்னோர் அந்தச் சாதி என்பதற்கு ஆதாரம், மூல மதத்துக்கு உண்மையாகத் திரும்பியது, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டது. 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்த புதுச்சேரிப் பெண் இந்து என்று சொல்லி இடஒதுக்கீடு கேட்டபோது, நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மட்டும் அப்படிச் சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று சொல்லிவிட்டது. உங்கள் ஒப்புதல் கடிதம் நீங்கள் விலகியதற்கு மட்டுமல்ல, ஞானஸ்நானம் எடுத்திருந்ததற்கும் ஆவணம். இடஒதுக்கீட்டில் படிப்போ வேலையோ இருக்கிறவர், முதல் கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லி ஆலோசனை கேட்கட்டும். பெயர் நீக்கத்துக்கு அவசரமில்லை; அது எங்கும் போகாது.

சாதியும் வேண்டாம் மதமும் வேண்டாம் என்பவருக்கு: பள்ளிச் சேர்க்கையில் அந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடலாம் என்று 1973-லும் 2000-லும் தமிழக அரசு ஆணை போட்டிருக்கிறது. 2019-இல் திருப்பத்தூரில் வழக்கறிஞர் ஸ்நேகா ‘சாதி மதம் அற்றவர்’ சான்றிதழ் வாங்கினார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இப்படிச் சான்று கேட்டவருக்குக் கொடுக்கவும், இதற்கென அரசாணை வெளியிடவும் சொன்னது. வாங்கினால் சாதி அடிப்படையிலான சலுகையைக் கேட்க முடியாது என்பதையும் சேர்த்தே முடிவெடுங்கள். 1606-இல் இயேசு சபைப் பாதிரியார் நோபிலி வந்த காலம் தொட்டு, ஆளை மதத்தில் சேர்க்கும் வழி மதுரைக்குத் தெரியும். வெளியே வருகிறவருக்குத்தான் ஒழுங்கான படிவம் இன்னும் இல்லை.

எந்தச் சேவையும் தராத ஒன்று, அதற்குப் பிறகான நாட்கள். டீயும் காபியும் விலக்கப்பட்ட ஒரு மதத்திலிருந்து, டீக்கடை பெஞ்சில்தான் பாதி நட்பு நடக்கிற ஊருக்குள் வருகிறீர்கள். முதல் கிளாஸைக் கையில் வாங்கும்போது குற்றவுணர்வு வரும். அது பழக்கத்தின் மிச்சம், கடவுளின் குரல் இல்லை. ஜெபித்துக் கேட்டால் நெஞ்சில் ஒரு கனல் தெரியும், அதுவே சாட்சி என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தக் கனல் மீனாட்சியம்மன் சன்னதியில் நிற்பவருக்கும் வருகிறது, கோரிப்பாளையம் தர்காவில் நிற்பவருக்கும் வருகிறது என்று கவனித்ததே பலருக்கு முதல் சந்தேகம். இதைப் பேச மதுரையில் கறுப்புச் சட்டைத் தோழர்களைத் தேடிப் போனால் மரியாதையாக உட்காரவைப்பார்கள். ஆனால் அங்கே பேச்சு சாதியையும் புரோகிதத்தையும் சுற்றி வளர்ந்தது. மார்மன் புத்தகம் பொன் தகடுகளிலிருந்து வந்தது என்று நம்பி ஏமாந்த வலிக்கு அங்கே பதில் தயாராக இருக்காது. கடவுள் இல்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டிய அவசியமும் இல்லை. சிலர் சி.எஸ்.ஐ.க்குப் போகிறார்கள், சிலர் குலதெய்வத்துக்குத் திரும்புகிறார்கள், சிலர் எதுவும் வேண்டாம் என்று நிற்கிறார்கள். விலகல் கடிதம் இந்த மூவருக்கும் ஒன்றுதான்.

கடைசியாக, சாவுக் காரியம். கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் பெரும்பாலும் சபைகளின் பொறுப்பில் இருப்பவை. எந்தச் சபையிலும் இல்லாதவருக்கு அங்கே இடம் கேட்டு, துக்க வீட்டில் பிள்ளைகள் அலையக்கூடாது. தத்தனேரி மயானமா, மதுரை மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானமா என்று இப்போதே எழுதி வையுங்கள். உடல் தானத்துக்கு நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பயனில்லை. அந்த நேரத்தில் கல்லூரிக்குத் தகவல் சொல்ல வீட்டில் ஒருவர் சம்மதித்திருக்க வேண்டும். சபையின் ஒப்புதல் கடிதத்தின் நகல் ஒன்றையும் அவரிடமே கொடுத்து வையுங்கள்.