பர்க்கா, ஹார்ட்விக்கா? கிரனாடா தொடரின் இரண்டு வாட்சன்கள்

துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த ஜெரெமி பிரெட்டுக்கு நிகர் யார் என்ற விவாதம் அநேகமாக ஓய்ந்துவிட்டது. ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனாக அவருக்குப் பக்கத்தில் நின்ற இருவரில் யார் சிறந்தவர் என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. இங்கிலாந்தின் கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் பிரெட்டை வைத்து 1984 முதல் 1994 வரை எடுத்த 41 படைப்புகளில் முதல் 13இல் வாட்சன் டேவிட் பர்க். 1986இல் அந்த இடத்துக்கு எட்வர்ட் ஹார்ட்விக் வந்தார். மீதி 28இல் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அவர்தான். பர்க்குக்கும் தொடருக்கும் பிணக்கு எதுவும் கிடையாது. சிறுவயது மகனோடும் மனைவியோடும் இருக்க விரும்பி, ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் சேர்ந்தார். தன் இடத்துக்கு ஹார்ட்விக்கைப் பரிந்துரைத்தவரும் அவரே.

ஹார்ட்விக் பிறந்தது 1932, பிரெட் 1933, பர்க் 1934. மூவரும் ஏறக்குறைய ஒரு வயதுக்காரர்கள். ஆனால் திரையில் பர்க் ஹோம்ஸுக்குத் தம்பி போலவும் ஹார்ட்விக் அண்ணன் போலவும் தெரிகிறார்கள். ஒப்பனைக்கு இதில் பங்கு குறைவு. இருவரும் எப்போது முகத்தை அசைக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் காரணம் புரியும். ஹோம்ஸ் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் பர்க்கின் புருவம் கேள்வி கேட்டுவிடும், உதடு சிரிப்பை அடக்கத் தொடங்கிவிடும். ஹார்ட்விக் முழுதும் கேட்பார், ஒரு நொடி விடுவார், அதற்குப் பிறகே முகம் மாறும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆர்தர் கானன் டாயிலின் கதைகளில் பெரும்பாலானவற்றைச் சொல்பவர் வாட்சன். படமாக்கும்போது அந்தக் கதைசொல்லியின் குரல் போய்விடுகிறது. மிஞ்சுவது கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகம்தான். 1939 முதல் 1946 வரை, ஹோம்ஸாக நடித்த பேசில் ராத்போனுடன் வந்த 14 படங்களில் நைஜல் புரூஸ் அந்த முகத்தைக் கோமாளியாக்கினார். ஹோம்ஸின் அறிவைக் காட்ட வாட்சனை மடையனாக்கும் குறுக்குவழி அது. ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்ட ராணுவ மருத்துவர், புத்தியுள்ள மனிதர் என்ற மூல வாட்சனைத் தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸ் பிடிவாதமாக மீட்டார். நமது இரண்டு வாட்சன்களும் அந்த முடிவின் பிள்ளைகள். ஒருவரைப் பிடித்துப்போய் இன்னொருவரைக் குறைத்துப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இருவரையும் நியாயமாக எடைபோட, ஒரே மாதிரியான சூழலில் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு மூன்று ஜோடிகள் போதும்.

முதலில் போதைமருந்து. தொடரின் முதல் கதை ‘எ ஸ்கேண்டல் இன் பொஹிமியா’ (1984). வெளியூரிலிருந்து திரும்பும் பர்க், ஊசி இருப்பதைப் பார்த்ததும் பொங்குகிறார்: இன்று மார்ஃபினா, கொக்கெய்னா? அந்தக் கோபத்தில் மருத்துவரும் இருக்கிறார், ஏமாந்த நண்பரும் இருக்கிறார். அடுத்த நிமிடமே புதிய வழக்கின் வாசம் வர, கோபம் ஆவலாக மாறுகிறது. அந்தத் திருப்பத்தை ஒட்டுத் தெரியாமல் செய்கிறார் பர்க். இதற்கு இணை ‘தி டெவில்ஸ் ஃபுட்’ (1988). நலிந்த ஹோம்ஸை ஓய்வுக்காகக் கார்ன்வாலுக்கு அழைத்து வந்திருக்கிறார் ஹார்ட்விக். இங்கே அதட்டல் குறைவு, கண்காணிப்பு அதிகம். ஹோம்ஸ் ஊசியைக் கடற்கரை மணலில் புதைப்பது இந்தக் கதையில்தான். மூலத்தில் இல்லாத அந்தக் காட்சிக்கு பிரெட், டாயிலின் மகளிடம் இசைவு பெற்றார். பிறகு விஷப் புகையின் பிடியில் ஹோம்ஸ் “ஜான்!” என்று அலறுகிறார். எப்போதும் ‘வாட்சன்’ என்றே கூப்பிடுபவர் வாயில் அந்தப் பெயர் வருவதை நம்ப வைத்தது, அதுவரை ஹார்ட்விக் சேர்த்துவைத்த பொறுமை.

இரண்டாவது ஜோடியை இடைவெளி விடாமல் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். ‘தி ஃபைனல் பிராப்ளம்’ (1985), ‘தி எம்ப்டி ஹவுஸ்’ (1986). சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியருகே, ஹோம்ஸ் இறந்துவிட்டதாக நம்பி அவரது கடைசிக் கடிதத்தைப் படிக்கும் பர்க்கின் முகம், 13 கதைகளின் துள்ளலும் ஒரேயடியாக வடிந்த முகம். ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வரும் அடுத்த கதையில் மூன்றாண்டுகள் கழிந்துவிட்டன. நரை தட்டிய, நிதானமான வேறொருவர் வாட்சனாக நிற்கிறார். நடிகரை மாற்ற இதைவிடத் தோதான இடம் கதைகளில் கிடையாது: துக்கம் ஆளை மாற்றிவிட்டது என்று பார்ப்பவர் மனமே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. இதற்கு நடுவில் வேறு கதையைச் செருகிப் பார்த்தால் ஹார்ட்விக் அந்நியராகத் தெரிவார். பலருக்கு அவர் ஒட்டாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

மூன்றாவது, வாட்சன் தனியாக விடப்படும் கதைகள். ‘தி சாலிட்டரி சைக்கிளிஸ்ட்’இல் வேவு பார்க்கப் போன பர்க், ஒளிந்த இடமே தப்பு என்று ஹோம்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். குன்றினாலும் விட்டுக்கொடுக்காத ஒரு மிடுக்கு அவரிடம் இருக்கிறது. ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ (1988) படத்தில் கதையின் பெரும்பகுதி ஹார்ட்விக் தோளில். ஹோம்ஸ் லண்டனில் இருப்பதாக நம்பி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர், தான் வழக்கைக் கவனிக்கும் அதே பொட்டல்வெளியில் ஹோம்ஸ் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் காட்சியைப் பாருங்கள். குரலை உயர்த்தாமலேயே, உன்னை நம்பினேனே என்ற வலியைச் சொல்லிவிடுகிறார்.

என் தீர்ப்பு: நகைச்சுவைக்கும் வேகத்துக்கும் பர்க். ‘தி புளூ கார்பங்கிள்’இல் ஒரு பழைய தொப்பியை வைத்துக்கொண்டு ஹோம்ஸ் நடத்தும் வித்தையை, பாதி நம்பியும் பாதி நம்பாமலும் அவர் பார்ப்பது ஹார்ட்விக்குக்கு வராது. ஆனால் நட்பின் ஆழத்துக்கு ஹார்ட்விக்தான், அதுவும் கணிசமான வித்தியாசத்தில். பிரெட்டின் வாழ்க்கையும் இதற்குள் வருகிறது. 1985இல் மனைவி புற்றுநோயில் இறந்தபின் அவரது மனநோய் முற்றியது, லித்தியம் மருந்தால் உடல் பருத்தது, இதயமும் பலவீனம். பிந்தைய கதைகளில் மூச்சுவாங்கும் ஹோம்ஸைக் கவலையோடு பார்க்கும் வாட்சன் தேவைப்பட்டார். பர்க்கின் குறும்பு அங்கே பொருந்தியிருக்காது.

ஹார்ட்விக்கை எடைபோடும்போது ஒரு எச்சரிக்கை: 1992, 1993இல் வந்த நீளப் படங்களில் ‘தி லாஸ்ட் வாம்பயர்’, ‘தி எலிஜிபிள் பேச்சிலர்’ இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறுகதையை முழுநீளத்துக்கு இழுத்ததில் கதையே கிழிந்துவிட்டது. அவரைப் பார்க்க 1986இன் ‘தி சிக்ஸ் நெப்போலியன்ஸ்’ போங்கள். போலீஸ் அதிகாரி லெஸ்ட்ரேட் மனம் திறந்து பாராட்ட, ஹோம்ஸ் ஒரு கணம் நெகிழ்ந்து தடுமாறுகிறார். அதை வாட்சன் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

1994இன் கடைசித் தொகுதியில்தான் பெரிய இழப்பு. ‘தி கோல்டன் பின்ஸ்-நே’யில் ஹார்ட்விக் இல்லை, ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாக சார்லஸ் கிரே ஈடுகட்டுகிறார். ‘தி மசாரின் ஸ்டோன்’ எடுக்கும்போது பிரெட் நோய்வாய்ப்பட, ஹோம்ஸ் தொடக்கத்திலும் முடிவிலும் தலைகாட்டுவதோடு சரி. அதனுடன் சேர்த்துப் பின்னப்பட்ட கதை ‘தி த்ரீ கேரிடெப்ஸ்’. டாயிலின் மூலத்தில் வாட்சன் மீது குண்டு பட்டதும் ஹோம்ஸ் துடித்துப்போய், அவர் மீதுள்ள பாசத்தை முதன்முறையாக வெளிக்காட்டுவது அந்தக் கதையில்தான். பிரெட்டும் ஹார்ட்விக்கும் சேர்ந்து நடித்திருக்க வேண்டிய அந்தக் காட்சி தொடரில் இல்லவே இல்லை.