யேலின் இலவச பைபிள் பாடம்: 24 வகுப்பும் கேட்டு முடித்தேன்

ஆதியாகமம் 7:16-ஐ நம் பழைய தமிழ் பைபிளில் எடுத்துப் பாருங்கள். தேவன் கட்டளையிட்டபடி ஆணும் பெண்ணுமாக உயிர்கள் நோவாவின் பேழைக்குள் போகின்றன, அதே வசனத்தின் கடைசியில் கதவை அடைக்கிறவர் கர்த்தர். சண்டே ஸ்கூல் காலத்திலிருந்து படித்த அதிகாரம்தான், ஆனால் ஒரே வசனத்துக்குள் பெயர் மாறுவது ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. பட வைத்தது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இலவசமாக வகுப்புகளைப் போட்டிருக்கும் ஓப்பன் யேல் கோர்சஸ் தளத்தில் இருக்கும் பேராசிரியர் கிறிஸ்டின் ஹேஸின் பாடம், எபிரேய பைபிளுக்கு, அதாவது நம் பழைய ஏற்பாட்டுக்கு ஓர் அறிமுகம்.

2006-ல் யேல் வகுப்பறையிலேயே பதிவு செய்த 24 வகுப்புகள், பெரும்பாலானவை முக்கால் மணி நேரத்தை ஒட்டி. கட்டணம் கிடையாது, பெயர் பதிய வேண்டாம், கெடுவும் இல்லை. இதற்கு முன்னால் ஓர் இடத்தில் பணம் கட்டி இறையியல் படிக்கப் போய், நைட் ஷிப்டில் மாட்டிக்கொண்ட மாதத்தில் கெடு முடிந்து வீடியோவைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இந்தச் சுதந்திரத்தின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும். ஆடியோவை மட்டும் இறக்கி பஸ்ஸில் கேட்டேன். ஹேஸ் வேகமாகப் பேசுகிறார், ஆங்கிலம் சில இடங்களில் கைநழுவிப் போகும், அப்போதெல்லாம் தளத்திலேயே இருக்கும் எழுத்து வடிவம்தான் கைகொடுத்தது.

4-ம் வகுப்பில்தான் நான் முழுதாக விழுந்தேன். ஆதியாகமம் 6:19-ல் எல்லா உயிரிலும் ஒரு ஜோடி, 7:2-க்கு வந்தால் சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி. வெள்ளம் ஒரு இடத்தில் 40 நாள், இன்னொரு இடத்தில் 150 நாள். இரண்டு பழைய மரபுகளை ஒன்றாகப் பின்னியதன் தையல் இது என்ற ஆய்வாளர்களின் வாதத்தை அவர் விளக்குகிறார். அன்று ராத்திரி தேவனுக்கு நீலப் பேனா, கர்த்தருக்குச் சிவப்புப் பேனா என்று கோடு போட்டுக்கொண்டே போனேன், இரண்டு கதை தனித்தனியாக எழுந்து வந்தது. ஆனால் இதை எல்லா இடத்திலும் நீட்ட முடியாது, யாத்திராகமம் 6-க்குப் பிறகு பெயரை வைத்துப் பிரிப்பது உதவாது. இந்தக் கொள்கைக்கு வந்த எதிர்ப்புகளையும் அவர் மறைக்காமல் சொல்கிறார், அதனால்தான் நம்பிக் கேட்க முடிகிறது.

மெசொப்பொத்தேமியக் கதையொன்றில் மனிதர் போடும் சத்தம் தாங்காமல் தெய்வங்கள் வெள்ளத்தை அனுப்புகின்றன, இங்கேயோ பூமி கொடுமையால் நிறைந்ததால் வெள்ளம் வருகிறது. இந்த ஒப்பீட்டைக் கேட்டதும் நோவா கதை மேல் எனக்கு இருந்த மரியாதை கூடித்தான் போனது. விசுவாசம் ஆடிப்போகுமோ என்று அம்மா பயந்தார், அவரையும் உட்கார வைத்து நீலமும் சிவப்புமாக அந்தப் பக்கத்தைக் காட்டினேன், "இத்தனை வருஷம் இது தெரியாமப் போச்சே" என்றார்.

குறை என்றால், சந்தேகம் கேட்க ஆள் இல்லை, சான்றிதழும் இல்லை. வேலைக்கோ குருத்துவப் படிப்புக்கோ தாள் வேண்டுமென்றால் இது ஆகாது. பட்டம்தான் தேவை என்றால் இக்னோ எனும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் தத்துவம் எம்.ஏ. இருக்கிறது. தத்துவத்தை ருசி பார்க்க மட்டும் என்றால் அதே யேல் தளத்தில் ஷெல்லி கேகன் மேஜை மேல் சம்மணமிட்டு மரணத்தைப் பற்றி நடத்தும் 26 வகுப்புகள் உண்டு, ஆன்மா இல்லை என்று அடித்து வாதாடுவார், சண்டை போட்டுக்கொண்டே கேட்கலாம்.

நான் இப்போது ஹேஸின் 9-ம் வகுப்புக்குத் திரும்பிப் போயிருக்கிறேன். லேவியராகமம். இத்தனை வருஷமும் பக்கம் தள்ளிவிட்டுப் போன புத்தகம்.