பேரன்ட்ஸ் கடலுக்குத் திருப்பாச்சேத்திக் கத்தி: மீனாய்வுக் கப்பலுக்காக மதுரையில் வாங்கும் சாமான்கள்

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ மண்டபம் ஆராய்ச்சி நிலையத்திலோ கொஞ்ச காலம் இருந்துவிட்டு நார்வே பக்கம் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்கள் நம் வட்டாரத்தில் உண்டு. அங்கே வடக்குக் கோடிக் கடலில் மீன் வளத்தைக் கணக்கெடுக்கும் மீனாய்வுக் கப்பலில் ஏறும் வாய்ப்பு வந்ததும் சாமான் பட்டியல் போடுவார்கள். இங்கே என்ன வாங்குவது, அங்கே போய் என்ன வாங்குவது? மதுரையில் கிடைக்கும் கத்தி, கையுறை, மழைக்கோட்டு, பூட்ஸ், உள்ளாடை ஆகியவற்றை அந்த வேலையோடு பொருத்திப் பார்த்து எழுதியது இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் பிடிக்கும் சாமானை இங்கே வாங்கலாம். உடம்பை நனையாமல் காக்க வேண்டியதை இங்கே வாங்கக் கூடாது.

வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் சாமானை எடைபோட முடியும். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் 1981 முதல் ஆண்டுதோறும் குளிர்கால ஆய்வு நடக்கிறது. காம்பெலன் 1800 என்ற இறால் இழுவலையைக் கடலடியில் 15 நிமிடம், 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் இழுப்பார்கள். வலையின் மடி (மீன் சேரும் பை) மேலே வந்ததும் மீன் தொட்டியில் விழுந்து, பெல்ட் வழியாக ஆய்வறைக்குள் வரும். இனவாரியாகப் பிரித்து, கப்பல் ஆடினாலும் பிசகாத தராசில் நிறுத்து, அளவுப் பலகையில் நீளம் எடுக்க வேண்டும். காட் மீனுக்கு முழு சென்டிமீட்டர் கணக்கு, மிச்சத்தை விட்டுவிடுவார்கள். மத்தி போன்ற சின்ன மீனான ஹெர்ரிங்குக்கு அரை சென்டிமீட்டர் கணக்கு. பிறகு 5 சென்டிமீட்டர் நீள வகுப்புக்கு ஒரு காட் வீதம் எடுத்து, தனியாக எடைபோட்டு, வயிற்றைக் கீறி, ஆணா பெண்ணா, முட்டை எந்தப் பருவம் என்று பார்த்து, தலையைப் பிளந்து செவிக்கல் எடுக்க வேண்டும். பல கப்பல்களில் ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்ற முறை. ஓய்விலேயே சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் ஒரு சாமான் கையை நோகடித்தால் அந்த நோவு அடுத்த வேலை நேரத்துக்கும் கூடவே வரும்.

முதலில் கத்தி, ஏனென்றால் வேலையின் கனமான பகுதி அதுதான்.

செவிக்கல் என்பது மீனின் மூளைக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் சுண்ணாம்புக் கல். மரத்தில் வளையம் போல அதில் ஆண்டுக்கு ஒரு பட்டை விழும், அதை எண்ணித்தான் வயது சொல்வார்கள். காட் தலையில் அதை எடுக்க, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கண்குழியில் விட்டு இறுகப் பிடிக்க வேண்டும். கன்னத் தகட்டின் பின் விளிம்புக்கு நேர் மேலே, தலையின் குறுக்கே ஒரே அழுத்தாக வெட்டி, மண்டையோட்டின் கூரை விட்டதும் நிறுத்திக்கொண்டு, தலையை முன்பக்கம் மடக்கி ஒடிக்க வேண்டும். இரண்டு குழியிலும் வெள்ளையாகக் கல் தெரியும், இடுக்கியால் எடுக்கலாம். அதன்மேல் ஒட்டிய சவ்வை விரலால் உருட்டித் துடைத்து, காய்ந்த கல்லைக் காகித உறையில் போட வேண்டும். வெட்டு முன்னே போனால் மூளைக்கு மேல் வெறும் எலும்பில்தான் விழும். பின்னே போனால் முதுகெலும்பில் முட்டிக் கத்தி நிற்கும். ஆழமாகப் போனால் கல்லே இரண்டாகும். கல்லின் நடுக்கரு சிதறினால் அந்த மீனின் வயதும் போயிற்று.

இந்த வெட்டுக்குத் தடித்த முதுகும் அகலம் குறைந்த வாயும் உள்ள கத்தி வேண்டும். அதை மதுரையிலிருந்து மானாமதுரை சாலையில் திருப்புவனம் தாண்டி வரும் திருப்பாச்சேத்தியில் சொல்லிச் செய்துகொள்ளலாம். அரிவாளுக்குப் பேர் போன ஊர். லாரி ஸ்பிரிங் பட்டாவில் அடித்த கத்தி எலும்புக்கு நன்றாகத் தாங்கும், ஏனென்றால் அந்த இரும்பு அடி வாங்கி வளைந்து நிமிர்வதற்காகவே செய்யப்பட்டது. ஆசாரியிடம் "மீன் வெட்டக் கத்தி" என்று மட்டும் சொன்னால் கனமான ஒன்றைக் கொடுத்துவிடுவார். அளவு எழுதிக் கொடுங்கள்: வாய் நீளம் 12 சென்டிமீட்டர், முதுகு 3 மில்லிமீட்டர், முனை கொஞ்சம் மழுங்கலாக, பிடியோடு சேர்த்து 150 கிராமுக்குள். எடை மிக முக்கியம். அரிவாளைப் போல ஓங்கி வெட்டுகிற வேலை இல்லை, மணிக்கட்டால் அழுத்துகிற வேலை. 250 கிராம் கத்தியோடு ஆறு மணி நேரம் நின்றால் மணிக்கட்டு வீங்கிவிடும்.

துவைச்சலையும், அதாவது இரும்பைக் காய்ச்சி நீரில் முக்கிப் பதமேற்றுவதையும், சொல்லிக் கேட்க வேண்டும். நீரில் முக்கி எடுத்த இரும்பை அப்படியே விட்டால் வாய் கண்ணாடி போல இருக்கும், மண்டையோட்டில் பட்டதும் பொடிப்பொடியாகத் தெறிக்கும். மறுபடி சூடு காட்டும்போது வைக்கோல் நிறம் தாண்டிப் பழுப்பு ஏறும்வரை விடச் சொல்லுங்கள். வாங்கும் இடத்திலேயே ஒரு சின்ன அரத்தை வாயில் இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் கடினம் அதிகம். தாராளமாகக் கடித்தால் துவைச்சல் போதவில்லை. லேசாகப் பற்றி நகர்ந்தால் சரியான பதம். சாணையில் பிளேடு போலத் தீட்ட விடாதீர்கள். மிகக் கூரான கத்தி எலும்பைத் தாண்டியதே கைக்குத் தெரியாமல் கல்லையும் சேர்த்து அறுத்துவிடும். பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு போதும்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை துரு. பட்டா இரும்பில் துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் கிடையாது, உப்புத் தண்ணீர் பட்டு ஒரு வேலை நேரம் கிடந்தாலே செம்புள்ளி விழும். வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவித் துணியால் துடைத்து எண்ணெய் தடவியே ஆக வேண்டும். தேங்காயெண்ணெய் கொண்டு போகாதீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், குளிர்ந்த ஆய்வறையில் மெழுகு போலத் திட்டுத்திட்டாக நிற்கும், இடையில் இரும்பு வெறுமனே கிடக்கும். உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் ஒரு சின்னப் புட்டி போதும். இன்னொரு குறை மரப்பிடி. ஈரத்தில் உப்பி, கதகதப்பான அறையில் காய்ந்து சுருங்கி, நாலாம் நாள் பூண் ஆட ஆரம்பிக்கும். நிறமும் மீன் கழிவோடு கலந்துவிடும். ஒரு நொடி கண் தப்பினால் கத்தி கழிவோடு கடலுக்குப் போய்விடும். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் மஞ்சளோ ஆரஞ்சோ வாங்கிப் பிடிமேல் ஏற்றிச் சூடு காட்டினால் இறுகிக்கொள்ளும். தண்ணீரும் புகாது, பிடியும் வழுக்காது. சில ஆய்வறைகளில் மரப்பிடிக்கே அனுமதி இருக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்வீடனின் மோரா செய்யும் ஃப்ராஸ்ட்ஸ் மீன் கத்தி அந்தக் கப்பல்களில் சகஜமாகப் புழங்கும். துருப்பிடிக்காத இரும்பு, பிளாஸ்டிக் பிடி, மெல்லிய வாய். வயிறு கீறவும் இரைப்பை அறுக்கவும் அதற்கு நிகராகத் திருப்பாச்சேத்திக் கத்தி நிற்காது. ஆனால் 80 சென்டிமீட்டர் காட் மீனின் தலையில் மெல்லிய கத்தி வளைந்து பக்கவாட்டில் சறுக்கும், கைக்கு ஆபத்து அங்கேதான். தலைக்கு நம் ஊர்க் கத்தி, வயிற்றுக்கு அவர்கள் கத்தி என்று இரண்டும் வைத்துக்கொள்வதே சரி. ஹெர்ரிங்குக்கு இந்தப் பெரிய கத்தி வேண்டாம். அதன் கல் சில மில்லிமீட்டர்தான், மெல்லிய கத்தியும் நல்ல இடுக்கியும் போதும்.

கிளம்புவதற்கு முன் பழக, கரிமேடு மீன் சந்தையில் பெரிய கத்தாளை மீன் வாங்குங்கள். அந்தக் குடும்ப மீன்களுக்குச் செவிக்கல் பெரியது, கனமானது, தவறினாலும் கண்ணுக்குத் தெரியும். பத்துத் தலை வெட்டினால் கை எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். தலையை வீணாக்க வேண்டியதில்லை, குழம்புக்கு ஆகும்.

கத்தியைச் சுருட்டி வைக்கக் கித்தான் உறை வேண்டும். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் கொடுத்தால் தைத்துவிடுவார்கள். முனை படும் இடத்தில் இரட்டைத் துணியோ ரெக்சினோ வைக்கச் சொல்ல வேண்டும். ஈரக் கத்தியை அதில் ஒருபோதும் போடாதீர்கள்.

அடுத்தது கையுறை. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் வெட்டுத் தாங்கும் பின்னல் கையுறை மதுரையிலேயே கிடைக்கிறது. தொழிற்பேட்டைகள் உள்ள ஊர் என்பதால் ரகங்களுக்குக் குறைவில்லை. தலையைப் பிடிக்கும் கைக்கு அது கட்டாயம், மூன்று ஜோடி வாங்கினால் ஒன்று காயும்போது ஒன்று போடலாம். அதன்மேல் நைட்ரைல் கையுறை, வழக்கமான அளவுக்கு ஒரு அளவு பெரியதாக. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வெட்டைத் தாங்கும் பின்னல் குத்தலைத் தாங்காது. ரெட்ஃபிஷ் என்ற சிவப்பு மீனின் முதுகு முள் நம் கெளுத்தி முள்ளைப் போல நேராக உள்ளே இறங்கும். அதைக் கீழ்த்தாடையில் பிடித்துத் தூக்க வேண்டும், முதுகில் கை வைக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அதே கடையில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். வலையோடு சொறிமீன் (ஜெல்லி மீன்) வரும் நாளில் அதன் நார்த்துணுக்கு கண்ணில் தெறித்தால் எரிச்சல் தாங்காது.

மழைக்கோட்டு விஷயத்தில் மதுரைக் கடைகளை நம்ப முடியாது. இங்கே விற்பது பைக் ஓட்டிகளுக்கான நைலான் கோட்டு. ஒரு மணி நேர மழைக்கு அது சரி. ஆனால் அதன் தையல் ஊசித் தையல், உள்பக்கம் ஒட்டிய நாடா ஒன்றுதான் காவல். தோள்பட்டையிலும் தொடையிடுக்கிலும் நாடா முதலில் உரியும். கழுவும் குழாயின் வேகத் தண்ணீர் அதன் வழியே உள்ளே வரும். மீன் கழுவும் மேடையில் நிற்க, மார்புவரை வரும் வாருள்ள கால்சட்டை வேண்டும், இணைப்புகள் தைக்காமல் சூட்டால் உருக்கி ஒட்டியவையாக இருக்க வேண்டும். கி கோத்தென், க்ரண்டென்ஸ், ஹெல்லி ஹான்சன் நிறுவனங்கள் மீனவர்களுக்காகவே செய்கின்றன. அங்கே துறைமுகக் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பல கப்பல்களில் இரவலாகவும் தருவார்கள்.

பூட்ஸும் அப்படியே. இங்கே கிடைக்கும் கம்பூட் பெரும்பாலும் பிவிசி. 35 டிகிரி வெயிலில் வளையும் பிவிசி, உறைநிலைக்குக் கீழே பலகை போல விறைக்கும், அடியும் வழுக்கும். மீன் கோழை படிந்த எஃகுத் தரையில், ஆடுகிற கப்பலில், வழுக்கல் சின்ன விஷயம் இல்லை. பாலியூரித்தேனில் வார்த்த, குளிர் தாங்கும் பூட்ஸை அங்கே வாங்குங்கள். கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு அளவு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் நெருங்கி ரத்த ஓட்டம் குறைந்து அதனாலேயே குளிரும்.

உள்ளாடையில் நம் ஊர்ப் பழக்கம் தவறாக வழிகாட்டும். பருத்தி பனியன் மதுரை வெயிலுக்கு வரம், அங்கே எதிரி. வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வேலை நின்றதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுக்கும். கொடைக்கானல் போகிறவர்களுக்காக விற்கும் தெர்மல் உள்ளாடையின் சீட்டைத் திருப்பிப் பாருங்கள், பாதிக்கு மேல் பருத்தி என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். மெரினோ கம்பளி இரண்டு செட் போதும். நனைந்தாலும் கதகதப்பு விடாது, நாற்றமும் சீக்கிரம் ஏறாது. தூங்கும்போது போட மட்டும் பருத்தி லுங்கி கொண்டு போகலாம், அறை கதகதப்பாகத்தான் இருக்கும்.

மிதவை உடையையும், கடலில் விழுந்தால் குளிரிலிருந்து காக்கும் உயிர்காப்பு உடையையும் பற்றி யோசிக்கவே வேண்டாம், கப்பல் தரும். சர்வதேச விதிப்படி உயிர்காப்பு உடையை யாருடைய உதவியும் இல்லாமல் இரண்டு நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும். ஏறிய முதல் நாளே எடுத்துப் போட்டுப் பாருங்கள். சேலை மடிப்பு போல அவசரமாக இழுத்தால் ஜிப் நடுவில் சிக்கும். தரையில் விரித்து, உட்கார்ந்து கால்களை நுழைத்து, பலவீனமான கையை முதலில், பலமான கையைக் கடைசியில் விட வேண்டும்.

சாப்பாட்டில் கப்பல் சமையலறை குறை வைக்காது, காரம்தான் இருக்காது. இட்லிப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் இரண்டு மடங்கு கவரில் கட்டிக்கொள்ளுங்கள். குமட்டலுக்கு இஞ்சி மரப்பா வாயில் அடக்கிக்கொள்ள இதமாக இருக்கும், ஆனால் மருத்துவர் சொன்ன மாத்திரைக்கு அது ஈடாகாது. மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட்டாக வேண்டும். நார்வேக்குள் பால், இறைச்சிப் பொருள்களை நம் நாட்டிலிருந்து பையில் கொண்டு போக அனுமதி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பொடியில் நெய் சேர்க்காதீர்கள்.

கத்தி கைப்பையில் இருந்தால் மதுரை விமான நிலையச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள், கூரான இடுக்கியையும் எடுக்கக்கூடும். எண்ணெய் தடவி, வாயை அட்டையால் மூடி, கித்தான் உறையில் சுருட்டி, செக்-இன் பெட்டியின் நடுவில், கம்பளித் துணிகளுக்கு இடையே வையுங்கள்.