ஏசி கெட்டதில் கிடைத்த ஒரு மணி நேரம்

மெல்பர்னிலிருந்து மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போனேன். கூட 14 வயது மகள். மொத்தம் மூன்று வாரம், ஜாகை குரோம்பேட்டையில் அம்மா வீட்டில். அடுத்து போகிறவர்களுக்கு உதவுமே என்று எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதலாமென உட்கார்ந்தேன். ஆனால் மனசு ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் கழிந்த ஒரு மணி நேரத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறது. அதற்கு முன்னால் நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பணம்: என் பழைய இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எண்ணே கைவிட்டுப் போயிருந்தது. வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எண்ணை மாற்றலாமென்றால் அதற்கும் ஓடிபி கேட்கிறது! கிளைக்கு இரண்டு நாள் நடந்தேன். அதுவரை பூக்காரம்மாகூட கியூஆர் அட்டையைக் காட்ட, நான் மட்டும் 500 ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு நின்றேன். யாரிடமும் சில்லறை இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

பஸ்: சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். பாஸ்போர்ட் எந்த நாடு என்றெல்லாம் கண்டக்டர் கேட்கவில்லை, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மகள் அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.

சரி, ஈசிஆருக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை மாமல்லபுரம் போக வண்டி பிடித்தோம். திருவான்மியூர் தாண்டி, சாலையை அகலப்படுத்தும் வேலைக்கு நடுவே ஊர்ந்து ஈஞ்சம்பாக்கம் வந்தபோது காருக்குள் அனல் அடித்தது. "அக்கா, ஏசி போச்சு. வேற வண்டி சொல்லியிருக்கேன், ஒரு மணி நேரம் ஆகும்" என்றார் டிரைவர். கம்பெனியைக் கூப்பிட்டால் பாட்டு மட்டும் ஓடியது. அம்மாவுக்கு 74 வயது. வெயிலில் நிற்க வைக்க முடியாது. எதிரே மரங்கள் அடர்ந்த ஒரு வளாகம் தெரிந்தது. பெயர்ப்பலகையைப் படித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது: சோழமண்டலம் ஓவியர் கிராமம். கல்லூரிக் காலத்திலிருந்து இந்த வாசலை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், ஒரு தடவைகூட இறங்கியதில்லை. மெல்பர்னில் மட்டும் விருந்தாளி வந்தால் லாங்வாரினில் இருக்கும் மெக்லெலண்ட் சிற்பத் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி அழைத்துப் போவேன்!

உள்ளே நுழைந்ததும் நிழல். மரத்தடியில், நடைபாதை ஓரத்தில், புல்லில் என்று சிற்பங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. சில கருங்கல், சில உலோகம். கல்லில் பாதியை மழமழவென்று தேய்த்துவிட்டு, மீதியை உளி பட்ட தழும்போடு விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கடல் என்பதால் காற்று வந்துகொண்டே இருந்தது. மகள் ஃபோனை உள்ளே வைத்துவிட்டாள். இது எங்கள் வீட்டில் அபூர்வம்.

இந்த இடத்தின் கதையும் சுவாரசியமானது. சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர், கோயம்புத்தூரில் பிறந்தவர். படித்து முடித்த மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்களே என்பது அவர் கவலை. அதனால் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் போடுவது), தோல் வேலை, உலோகப் பொருள் என்று கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தக் காசில் இங்கே நிலம் வாங்கினார்கள். 1966-ல் கிராமம் தொடங்கியது. யாரோ புரவலர் கொடுத்த இடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். துணிக்குச் சாயம் போட்டு வாங்கிய மண் இது. வளாகத்திலேயே 2009-ல் திறந்த அருங்காட்சியகமும் இருக்கிறது. பணிக்கர் தலைமுறையின் மெட்ராஸ் கலை இயக்கத்தை ஒரே கூரைக்குக் கீழே பார்க்கலாம். நாங்கள் அதைக் கொஞ்சம் வேகமாகத்தான் பார்த்தோம்.

அம்மா நின்றது ஒரு செப்புத் தகட்டுச் சிற்பத்தின் முன்னால். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மனுக்குச் சாத்துற கவசம் மாதிரி இருக்குடி" என்றார். மகள் உடனே சுற்றிப் பின்பக்கம் போனாள். "பாட்டி, இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் தகடு!" என்று அங்கிருந்தே கத்தினாள். "கவசத்துக்குப் பின்னாடி என்ன இருக்கும், சாமிதான் இருக்கும்" என்றார் அம்மா.

இரவு வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அம்மா சொன்னது சரி. பி.வி. ஜானகிராம், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் போன்ற சென்னைச் சிற்பிகள் உலோகத் தகட்டைத் தட்டி, பற்றவைத்து, முன்பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்கும்படி சிற்பம் செய்தார்கள். அந்த யோசனைக்குக் கோயில் கவசமும் ஒரு மூலம். சுற்றி வந்து பார்ப்பதுதான் நவீன சிற்பம் என்று மெல்பர்னில் பழகிய எனக்கு இது தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.

ஒரு மணி நேரம் என்று சொன்ன வண்டி ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் வந்தது. யாரும் புகார் சொல்லவில்லை.

மாமல்லபுரத்தில் நுழைவுச் சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியக் கட்டணமே போதும். எனவே அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள், எங்களுக்கு அது சிக்கலில்லாமல் நடந்தது. மத்தியானத்துக்கு மேல் போனதால் ஐந்து ரதத்தில் தரை சுட்டது. செருப்போடு நடக்கலாம், ஆனால் தொப்பி இல்லாமல் போகாதீர்கள். வழியெல்லாம் கல்பட்டறைகளின் உளிச் சத்தம். இங்கத்திய கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கையடக்கப் பிள்ளையார் ஒன்று வாங்கினோம். பேரம் பேசியது அம்மா.

கடைசியாக அர்ச்சுனன் தபசு. தெருவோரத்திலேயே, 90 அடி நீளத்துக்கு மேல் நிற்கும், உருவங்கள் செதுக்கிய பாறை. யானைகளையும், பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அம்மா விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மகள் பாறையின் இரண்டு ஓரத்தையும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"பாட்டி, இதுக்கும் பின்பக்கம் கிடையாது."