புருக்மான்சியா விதை: தோலோடு ஊன்றுவதா, உரித்து ஊன்றுவதா, ஈரத்தாளில் முளைகட்டுவதா?

புருக்மான்சியா என்ற பூச்செடியின் விதையை வீட்டில் முளைக்க வைப்பதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. தடித்த மேல்தோலுடனேயே விதையை மண்ணில் ஊன்றுவது முதல் வழி. ஊறவைத்து மேல்தோலை உரித்துவிட்டு, உள்ளிருக்கும் சிறு விதையை மட்டும் ஊன்றுவது இரண்டாவது வழி. ஈரத்தாளில் பொதிந்து பைக்குள் வைத்து, வேர் தலைகாட்டிய பிறகு மண்ணுக்கு மாற்றுவது மூன்றாவது வழி. எது விரைவில் முளைக்கிறது என்பதைக் கொண்டே பெரும்பாலோர் இவற்றை ஒப்பிடுகிறார்கள். எனக்கு அந்த அளவுகோல் போதுமானதாகத் தெரியவில்லை. விதையிலைகளுக்குப் பின் நான்கு இலைகளாவது விட்டு, தன் காலில் நிற்கும் நாற்றுகள் எத்தனை மிஞ்சின என்பதே ஒரு முறையின் தகுதியைச் சொல்லும். அந்தக் கணக்கில் பார்க்கும்போது முந்தி முளைக்கும் முறை எல்லா நேரமும் முன்னால் நிற்பதில்லை.

விதையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்த மூன்று முறைகளும் ஏன் தோன்றின என்பது விளங்கும். புருக்மான்சியா ஊமத்தையின் நெருங்கிய உறவு. தக்காளி, கத்தரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊமத்தைப் பூ நிமிர்ந்து நிற்கும், இதன் பூ கீழ்நோக்கித் தொங்கும். ஊமத்தங்காய் பெரும்பாலும் முள்ளோடு இருந்து, முற்றியதும் வெடித்து விதையைச் சிதறும். புருக்மான்சியாவின் காய் முள்ளற்றது, வெடிப்பதுமில்லை. காய் முற்றுவதற்கே பல மாதங்கள் ஆகும். உள்ளே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருப்பதால் விதைகள் ஒழுங்கற்ற ஆப்பு வடிவில் இருக்கின்றன. வெப்பச் சூழலை விரும்பும் இனங்களில் ஒவ்வொரு விதையையும் தக்கையான தடித்த மேல்தோல் ஒன்று போர்த்தியிருக்கிறது. நாம் விதை என்று கையில் எடுப்பதன் பருமனில் பெரும்பகுதி இந்தத் தக்கைதான். நீரை மெதுவாகவே உள்ளே விடுவதும், ஒருமுறை நனைந்துவிட்டால் வெகுநேரம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதன் இயல்பு. முதலாவது முளைப்பைத் தாமதப்படுத்துகிறது, இரண்டாவது பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது.

முறைகளுக்குள் போவதற்கு முன், விதையா அல்லது போத்தா (வேர்விட நடும் தண்டுத்துண்டு) என்ற தேர்வையும் சொல்லிவிட வேண்டும். குறிப்பிட்ட ஒரு நிறமோ அடுக்குப் பூவோதான் வேண்டும் என்பவர் போத்து நட்டு வளர்ப்பதே சரி. தண்டுத்துண்டு எளிதில் வேர் விடும், தாய்ச்செடியின் பூவையே அப்படியே தரும், பூக்கும் பருவத்தை எட்டிய கிளையிலிருந்து எடுத்திருந்தால் குறைந்த உயரத்திலேயே பூக்கவும் செய்யும். விதையில் இந்த உறுதி எதுவும் கிடையாது. பெரும்பாலான புருக்மான்சியாக்கள் தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. ஆகவே ஒரு காய் பிடித்திருந்தால் அது வேறொரு செடியின் மகரந்தத்தால் வந்ததாகவே அநேகமாக இருக்கும், அதிலுள்ள ஒவ்வொரு விதையும் தனித்தனி வாரிசு. பூவின் நிறமும் வடிவமும் பூத்த பிறகுதான் தெரியும். இந்தப் பேரினத்தின் ஏழு இனங்களுமே இயற்கை வாழிடத்தில் அற்றுப்போனவை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியல் கூறுகிறது. மனிதர் கையிலேயே உயிர்த்திருக்கும் ஒரு செடிக்குப் புதிய மரபுக் கலவைகள் விதை வழியாக மட்டுமே வருகின்றன. அதனால், போத்து எவ்வளவு வசதியானதாக இருந்தாலும், விதை போட்டு வளர்ப்பவர்களின் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தோலுடன் ஊன்றும் முறை உழைப்பு குறைந்தது. விதையை ஒரு நாள் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரமான இளகிய கலவையில் சுமார் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடினால் போதும். கலவையின் வெப்பநிலை 21 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் முதல் முளைகள் இரண்டு மூன்று வாரங்களில் தெரியத் தொடங்கும். பிந்தியவை ஒன்றரை, இரண்டு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். கரு சேதப்படும் வாய்ப்பு இங்கே இல்லவே இல்லை. குறை எங்கே வருகிறதென்றால், விதைகள் ஒரே சீராக முளைப்பதில்லை. ஒரே தட்டில் ஒரு நாற்று இரண்டு இலை விட்டு வெளிச்சத்தையும் காற்றையும் தேடி நீளும்போது, பக்கத்து விதை இன்னும் ஊறிக்கொண்டே இருக்கும். முளைக்காததற்காக மூடியைப் போட்டு வைத்தால் முளைத்தது அழுகும். முளைத்ததற்காக மூடியைத் திறந்தால் முளைக்காதது காயும். தோலுடன் ஊன்றுபவர்கள் பொதுத்தட்டில் விதைக்காமல் ஒவ்வொரு விதைக்கும் தனிக்குழி அல்லது தனிக் கிண்ணம் கொடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மற்றொரு தொல்லை, தக்கைத்தோலைத் தலையில் சுமந்துகொண்டே நாற்று மேலே வருவது. அதைப் பிடித்து இழுத்தால் விதையிலையும் கூடவே கழன்று வரும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு நீர் வைத்து இளக்கி, தானாகக் கழலும் வரை காத்திருப்பதே நல்லது.

உரித்து ஊன்றும் முறை சற்று நுட்பமான கைவேலை. விதையை இரவு முழுவதும், தேவைப்பட்டால் ஒரு முழு நாள், வெதுவெதுப்பான நீரில் போட்டு வைத்தால் தக்கை பஞ்சுபோல் இளகும். பின் விதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்து, கூரான ஓரத்தில் நகத்தாலோ இடுக்கியின் முனையாலோ மெல்ல அழுத்தினால் தோல் ஓரத்திலேயே பிளந்துகொள்ளும். உள்ளிருந்து வழுவழுப்பான, பழுப்பு நிறமான, சிறுநீரக வடிவமுள்ள சிறு விதை நழுவி வெளியே வரும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பழுப்புத் தோலைத் தொடக் கூடாது; வெள்ளை நிறம் கண்ணில் பட்டால் கை வேண்டியதைவிட ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். பிளக்க மறுக்கும் விதையோடு மல்லுக்கட்டாமல் இன்னும் சில மணி நேரம் ஊறவிடுவதே முறை. முற்றிய காயிலிருந்து அப்போதே எடுத்த விதையில் தக்கை காய்ந்து இறுகியிருக்காது என்பதால் இந்த வேலை மிக எளிதாக முடியும்.

உரிப்பதில் விரைவைத் தவிர இன்னொரு பயன் உண்டு. அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பருத்துத் திரண்டு காணப்படும் தக்கைக்குள் சில சமயம் எதுவுமே இருக்காது. தோலுடன் ஊன்றியவர் அந்த வெற்றுக்கூட்டுக்கு இரண்டு மாதம் நீர் ஊற்றிவிட்டு, தன் முறையில்தான் பிழை என்று வருந்திக்கொண்டிருப்பார். உரித்தவருக்கு அது அன்றைக்கே தெரிந்துவிடும். கையிலிருக்கும் விதையில் உயிருள்ளவை எத்தனை என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடுவதை, முளைப்பு ஒரு வாரம் முந்துவதைவிடப் பெரிய ஆதாயமாக நான் கருதுகிறேன்.

உரித்த விதை நல்ல சூட்டில் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும், ஏறக்குறைய ஒன்றாகவும் முளைக்கும். காப்பு போய்விட்டதால் ஆழமாக ஊன்றக் கூடாது. அரை சென்டிமீட்டருக்கும் குறைவான மெல்லிய மூடல் போதும். இந்த விதை வறட்சியையும் தாங்காது, நீர் தேங்குவதையும் தாங்காது. தக்கை இருந்தவரை அது ஈரத்தைத் தேக்கித் தந்தது. இனி அந்தச் சமநிலையை வளர்ப்பவர்தான் காக்க வேண்டும். தெளிப்பான் நீரை வலுவாக அடித்தால் விதை இடம்பெயர்ந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி இங்கே அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மூன்று முறைகளில் நச்சோடு விரல் நேரடியாக உறவாடுவது உரிக்கும் முறையில்தான். இந்தச் செடியின் வேர் முதல் விதை வரை எல்லாப் பாகங்களிலும் ஸ்கோபோலமின், ஹயோசயமின், அட்ரோபின் ஆகிய நச்சுக்காரங்கள் உள்ளன. சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தாலே கண்மணி விரிந்து, பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கையுறை அணிவது, சமையலறைக் கத்தியையும் கிண்ணத்தையும் இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது, ஊறவைத்த நீரையும் உரித்த தோலையும் உடனே அப்புறப்படுத்துவது, எல்லாம் முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவுவது ஆகியவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும். தவழும் குழந்தையோ எதையும் மென்று பார்க்கும் வளர்ப்பு விலங்கோ உள்ள வீட்டில், ஊறும் விதை இருக்கும் கிண்ணம் உயரமான, மூடிய இடத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் இந்தச் செடியையே தள்ளிவைக்கலாம்.

ஈரத்தாள் முறைக்கு இருக்கும் ஈர்ப்பு, கண்ணால் பார்க்க முடிவது. நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளில் விதைகளை இடைவெளி விட்டு வைத்து மடித்து, ஜிப் வைத்த பையில் போட்டு, சூடான இடத்தில் வைத்தால் எது விழித்தது, எது அழுகியது என்பதைத் தினமும் பார்க்கலாம். இடமும் மிகக் குறைவாகவே தேவைப்படும். பழைய விதையைச் சோதிப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. நாற்று வளர்ப்பதற்கு இதையே முதல் வழியாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. வெளிவரும் இளவேர் தாளின் இழைகளுக்குள் பின்னிக்கொள்ளும். பிரிக்கும்போது வேர்முனை முறிந்தால் நாற்று பின்தங்கிவிடும், சில சமயம் பட்டுப்போகும். ஓரிரு நாள் பார்க்கத் தவறினால் போதும், பூசணம் ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்குத் தாவிவிடும். தோலுடன் உள்ள விதையைத் தாளில் வைப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். இந்த முறையே வேண்டும் என்பவர் தாளுக்குப் பதிலாக ஈரமான வெர்மிகுலைட்டை (இலேசான கனிமத் துகள்) பையில் போட்டு அதில் விதையை வைக்கலாம். அது வேரை இறுகப் பிடிக்காது, மண்ணுக்கு மாற்றும்போது வேரோடு ஒட்டிய துகள்களையும் சேர்த்தே நட்டுவிடலாம். எதில் வைத்தாலும், வேர் அரை சென்டிமீட்டர் நீளும்போதே மாற்றிவிட வேண்டும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை எல்லா இனங்களையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது. சுவேயோலன்ஸ், ஆரியா, வெர்சிகலர், இன்சிக்னிஸ் ஆகியவையும் அவற்றின் கலப்புகளும் வெப்பம் விரும்பும் குழு. மேலே சொன்ன சூடும் நாள் கணக்கும் அவற்றுக்கே உரியவை. ஆண்டீஸ் மலைகளின் உயரங்களைச் சேர்ந்த சாங்குவினியா, ஆர்போரியா, வல்கனிகோலா ஆகியவை குளிர் விரும்பும் குழு. இவற்றின் நாற்றுகள் கடும் வெப்பத்தில் தளர்ந்துவிடும். அடிச்சூடு கொடுக்கும் விரிப்பை முளைத்த உடனே எடுத்துவிட வேண்டும். கையிலிருப்பது எந்தக் குழு என்று தெரியாமல் முறைகளை ஒப்பிட்டால் வரும் முடிவும் பிழையாகவே இருக்கும்.

இனி, நாற்றுகள் மெய்யாகவே கைநழுவும் கட்டத்துக்கு வருவோம். முளைத்த முதல் மூன்று வாரங்களில் வரும் நாற்றழுகல் நோய், மேலே சொன்ன முறைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு முழுவதையும் ஒரே இரவில் அழித்துவிடக்கூடியது. மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும்; இலை மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கும். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற கிருமிகள் ஈரமான, காற்றோட்டமற்ற, குளிர்ந்த கலவையில் பெருகுவதே இதற்குக் காரணம். தொழுவுரமோ தோட்ட மண்ணோ இந்தக் கட்டத்தில் வேண்டாம். கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (இலேசான எரிமலைக் கல் துகள்) கலந்த சுத்தமான கலவை, அடியிலிருந்து உறிஞ்சும்படி நீர் கொடுப்பது, முளை தெரிந்த அன்றே மூடியைத் திறந்து மெல்லிய காற்றும் நல்ல வெளிச்சமும் படவிடுவது ஆகிய மூன்றும்தான் உண்மையான காப்பு. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊறவைக்கும் நீரில் சிறிதளவு சேர்ப்பவர்கள் உண்டு. விதையின் மேற்பரப்பைத் தூய்மைப்படுத்த அது உதவலாம். ஆனாலும் நீராகவும் ஆக்சிஜனாகவும் விரைவில் சிதைந்துபோகும் பொருள் மூன்று வாரக் காவலுக்கு எப்படிப் போதும்? காற்றோட்டத்தின் இடத்தை அது நிரப்பாது.

இந்த நோயோடு சேர்த்துப் பார்க்கும்போது என் தேர்வு தெளிவாகிறது. ஒரு கலப்பிலிருந்து கிடைத்த அரிய விதைகள் ஒரு கையளவுக்கும் குறைவாக இருந்தால், உரித்து, தனித்தனிக் கிண்ணத்தில், நேரே கலவையில் ஊன்றுவதையே பரிந்துரைப்பேன். அழுகும் தக்கை விலகிவிடுகிறது, வெற்று விதை தெரிந்துவிடுகிறது, இளவேரைத் தொட்டு இடம் மாற்றும் ஆபத்தும் இல்லை, நாற்றுகள் ஒன்றாக எழுவதால் மூடியைத் திறக்கும் நாளும் ஒன்றாகிறது. ஒரு காய் முழுவதும் விதை இருந்தால் அத்தனையையும் உரித்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. ஊறவைத்துத் தோலுடனே தனிக்குழிகளில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். கை நடுக்கம் உள்ளவருக்கும், பார்வை கூர்மை குறைந்தவருக்கும்கூட அதுவே பொருந்தும். வயது தெரியாத விதைக்கு ஈரத்தாள் சோதனை முதலில். உயிர் இருப்பது தெரிந்த பிறகு மிச்சத்தை உரித்து ஊன்றலாம்.

முந்தி முளைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு பிந்தியதைக் களையும் வழக்கம் வேண்டாம். முளைக்கும் வேகத்தை வைத்து வரப்போகும் பூவைக் கணிக்க முடியாது. பெரும்பாலான நாற்றுகள் ஒற்றைத் தண்டாக உயர்ந்து, உச்சியில் இரண்டாகக் கவைத்த பிறகே மொட்டு வைக்கின்றன. அந்தக் கவை எவ்வளவு உயரத்தில் வரும் என்பது செடிக்குச் செடி மாறும். வெப்பமும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் ஓராண்டுக்குள் பூப்பவை உண்டு, இரண்டு மூன்று ஆண்டு எடுப்பவையும் உண்டு. ஆகவே பெற்றோர்ச் செடிகளின் பெயரையும் ஊன்றிய தேதியையும் எழுதிய அட்டை முதல் நாளிலேயே ஒவ்வொரு கிண்ணத்திலும் இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கடந்தும் அசையாத விதையைத் தோண்டி எடுத்து, கையுறையோடு மெல்ல அழுத்திப் பார்க்கலாம். கூழாக நசுங்கினால் கலவையோடு சேர்த்து மூடிய பையில் போட்டுக் குப்பையில் சேர்த்துவிட வேண்டும். கெட்டியாக இருந்தால் அதன் தக்கையை அப்போதாவது உரித்து, புதிய கலவையில் மறுபடியும் ஊன்றலாம்.